சாமி கும்பிடாமல் சொந்த ஊரில் வாழ்வது எப்படி

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களில் பிறந்து, கடவுள் நம்பிக்கை போய்விட்டது, ஆனால் ஊரை விட்டுப் போக முடியாது, போகவும் மனசில்லை என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் வாடகை வீட்டில் தனியாக இருந்துகொண்டு நாத்திகராக இருப்பதற்கு யாருடைய யோசனையும் தேவையில்லை. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பமே வேன் பிடித்துச் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பும்போது நடுவீட்டில் நின்று "நான் வரல" என்று சொல்வதற்குத்தான் யோசனை வேண்டும். ஏனென்றால் அந்த வேன் சாமியைப் பார்க்க மட்டும் போகவில்லை. பங்காளிகள் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே பந்தியில் உட்காருவது, எந்த வீட்டில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது, நிலத் தகராறில் பேசாமல் இருந்த இரண்டு சித்தப்பாக்கள் பேசத் தொடங்குவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. நீங்கள் வரவில்லை என்றால் "இவனுக்கு நாம வேண்டாம்" என்றுதான் அவர்கள் காதில் விழும். ஆகவே சாமியிடம் போகாமல் சனத்திடம் போவது எப்படி என்பதுதான் கேள்வி.

வாயைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் நிலைமையைப் பாருங்கள். படிப்புச் செலவு அப்பா கையில் இருக்கிறதா, கல்யாணப் பேச்சு நடக்கிற வயதுப் பெண்ணா, வீட்டில் சண்டையாகிக் கிளம்பச் சொன்னால் ஒரு மாதம் தங்க இடம் உண்டா? இல்லையென்றால் இப்போதைக்குச் சொல்லாதீர்கள், அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. மதத்துக்கு மதம் நிலைமையும் வேறு. இந்துக் குடும்பத்தில் "பெரியார் கட்சிக்காரன் ஆயிட்டான்" என்று நாலு நாள் திட்டிவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்; 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் அந்த அளவுக்கு இங்கே இடம் பிடித்து வைத்திருக்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவருக்கு அந்த இடம் ரொம்பக் குறுகல். கோவையில் 2017 மார்ச்சில் ஃபாரூக் என்ற இளைஞர், திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர், கடவுள் மறுப்பை வெளிப்படையாக எழுதிவந்ததற்காகக் கொலை செய்யப்பட்டார். அதை மறந்துவிட்டு "தைரியமாகச் சொல்லு" என்று யாருக்கும் யோசனை சொல்ல என்னால் முடியாது. கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் கோயிலும் ஊரும் ஒன்று. கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதும் (கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசிப்பது) கல்லறையில் இடம் கொடுப்பதும் பங்குக்கோயில் வழியாகத்தான், அதனால் நீங்கள் விலகினால் உங்கள் தங்கச்சி கல்யாணம் வரைக்கும் இடிக்கும். இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சரி, சொல்லலாம் என்று முடிவாகிவிட்டால் முதலில் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அம்மா. கூட்டத்தில் சொல்லாதீர்கள், பண்டிகை நாளில் சொல்லாதீர்கள், சண்டைக்கு நடுவில் சொல்லவே சொல்லாதீர்கள். "எனக்கு நம்பிக்கை இல்லைம்மா" என்று உங்களைப் பற்றிப் பேசுங்கள். "சாமியே கிடையாது" என்றால், முப்பது வருஷமாக அவர் இருந்த விரதத்தை எல்லாம் வீண் என்று சொன்னதாக ஆகிவிடும். அம்மா அழுதால் எதற்காக அழுகிறார் என்று கேளுங்கள். சாமி குத்தம் வந்து உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயமாக இருக்கலாம், ஊர் ஏசும் என்ற பயமாக இருக்கலாம், நாளைக்கு அவர் செத்தால் நீங்கள் கொள்ளி வைப்பீர்களா என்ற பயமாகவும் இருக்கலாம். கடைசிப் பயத்துக்கு உங்களிடம் நேரான பதில் இருக்க வேண்டும். என் கருத்து இது: பெற்றவர்கள் என்ன சடங்கு வேண்டும் என்று ஆசைப்பட்டார்களோ அதை அப்படியே செய்துவிடுங்கள். நீர்மாலை எடுங்கள் (இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருகிற சடங்கு), மொட்டை போடுங்கள். அது அவர்களுடைய சாவு, அவர்கள் விருப்பப்படி நடக்கட்டும். இதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அன்றாட விஷயங்களில் எதற்குச் சம்மதம், எதற்கு மறுப்பு என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் தடுமாறுவீர்கள், ஆள் பார்த்து மாற்றுகிறான் என்ற பேரும் வரும். பொங்கல், சுண்டல், கொழுக்கட்டை யார் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டு நோன்புக் கஞ்சியும் கிறிஸ்மஸ் கேக்கும் அப்படித்தான். கத்தோலிக்கக் கோயிலில் பூசையின்போது கொடுக்கிற நற்கருணை அப்பம் மட்டும் வேறு. நம்பிக்கை இல்லாமல் நாவில் வாங்குவது அவர்களுக்கு உண்மையிலேயே பெரிய அவமதிப்பு, அந்த நேரத்தில் எழுந்து போகாமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருங்கள். எண்பது வயது ஆச்சி கை நடுங்கத் திருநீற்றை எடுத்து நெற்றிக்குக் கொண்டுவந்தால் குனிந்து கொடுத்துவிடுவேன். அது ஆசீர்வாதம், அந்தக் கை எனக்கு முக்கியம். சாமியாடி என் முன்னால் வந்து நின்று குறி சொல்ல ஆரம்பித்தால் கும்பிட மாட்டேன், சிரிக்கவும் மாட்டேன், சும்மா நிற்பேன். வேண்டிக்கொண்டதாகப் பொய் சொல்வது, "அம்மன் கிருபையால்" என்று என் பேரில் பத்திரிகை அடிப்பது, இந்த இரண்டும் என்னால் ஆகாது. உங்கள் கோடு வேறு இடத்தில் இருக்கலாம். ஆனால் ஒரு கோடு இருக்கட்டும்.

கொடைக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்கு, ஊர் வரி வாங்க வருவார்கள். நிறையப் பேர் இங்கேதான் முறுக்கிக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள். தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது) கொடுக்காவிட்டால் ஊர்க்கணக்கில் பேர் விடுபடும், அப்புறம் உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஆள் வருவதே சந்தேகம். கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம், ஆனால் எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்: "அண்ணாச்சி, இதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதுங்க", "வில்லுப்பாட்டுக்காரருக்குக் கொடுங்க". நானறிந்து வரி வாங்க வந்தவர்கள் யாரும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை. கொடை அன்றைக்குப் பந்தி பரிமாறுங்கள், குடிதண்ணீர் டிரம் நிரப்புங்கள், வெளியூர்க்காரர்களுக்கு வண்டி நிறுத்த இடம் காட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றவனை யாரும் "சாமி கும்பிடாதவன்" என்று ஒதுக்குவதில்லை. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தேர் அந்தத் தெருவுக்குப் போகக்கூடாது, அந்தச் சாதி கோயிலுக்குள் வரக்கூடாது என்று சொல்கிற கோயிலாக இருந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள், காரணத்தையும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சாமி இல்லை என்று பேசிவிட்டுச் சாதிக்கோயிலுக்கு வரி கட்டுவதில் எனக்கு மரியாதை கிடையாது.

வீட்டுக்குள் இன்னொன்று கவனிக்க வேண்டும். நாத்திகரான ஆண் பூஜையறைக்குள் போகமாட்டார், ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கு தேய்ப்பது, மாமியாருக்குப் பதில் சொல்வது, குலதெய்வத்துக்கு முடி இறக்குகிற வேண்டுதலை ஞாபகம் வைத்திருப்பது எல்லாம் மனைவி தலையில். கேட்டால் "அவ விருப்பம்" என்பார். விருப்பம்தானா என்று மனைவியிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஆம் என்றால் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுங்கள். இல்லை என்றால் உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். பெண்ணே நாத்திகராக இருந்தால் கஷ்டம் இரட்டிப்பு. பொட்டு வைக்கவில்லை, தாலியைக் கழற்றி வைத்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஊரே வாத்தியாராகும். அப்படிப்பட்டவர் உங்கள் வீட்டு மதினியாகவோ அக்காவாகவோ இருந்தால் பக்கத்தில் நில்லுங்கள்.

நம்பிக்கையில்லாத ஒருவர் ஊரில் இருப்பதற்குப் பெரிய பயன் சாவு வீட்டில் என்று நினைக்கிறேன். கணவன் இறந்தவுடன், சில சாதிகளில் பதினாறாம் நாளையொட்டி, அந்தப் பெண்ணுக்குத் தலை நிறையப் பூ வைத்து, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, பெரிய பொட்டு வைத்து, எல்லோர் முன்னாலும் அதை அழிப்பார்கள், உடைப்பார்கள். இதை நிறுத்த முடியும். ஆனால் அந்த நிமிஷத்தில் எழுந்து கத்தினால் முடியாது. முந்தின நாளே மகள் மூலமாக அந்த அம்மாவிடமே கேட்க வேண்டும், ஏனென்றால் சிலர் வேண்டும் என்றே சொல்வார்கள், அது அவர் முடிவு. வேண்டாம் என்றால் வீட்டிலேயே வயதான பொம்பளையாளைத் தேடிப் பிடியுங்கள், பெரும்பாலும் அவரே அதை அனுபவித்த ஒரு ஆச்சியாக இருப்பார். "ஆச்சி, பேரப்பிள்ளைக பாத்தா பயந்துரும், வேண்டாமே" என்று அவரிடம் மட்டும் பேசுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் தட்டில் வளையல் வந்ததும் மூத்த மகள் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டாள், தட்டுக் காலி. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை, அப்புறம் பெரியாச்சி "சரி விடுங்கட்டி, சோலியைப் பாருங்க" என்றார். அதோடு முடிந்தது. அங்கே கடவுள் உண்டா இல்லையா என்று ஒருவரும் பேசவில்லை.

கல்யாணத்துக்குச் சட்டம் துணை இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ செல்லும், ஐயர் வேண்டாம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்தது. ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2023இல் சொல்லிவிட்டது. இது இரண்டு பேரும் சட்டப்படி இந்து என்றால்தான். இரண்டு பேரும் வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், சொந்தக்காரர் கண்ணில் படும் என்பதை நினைத்து ஏற்பாடு செய்யுங்கள். 7ஏ முறைக் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதம் இடத்தைக் காலியாக விடலாம், 1973லும் 2000லும் போட்ட அரசாணைகள் இருக்கின்றன. சில பள்ளிகளில் தெரியாது என்பார்கள், நகல் கொண்டுபோங்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019இல் சாதி, மதம் அற்றவர் என்ற சான்றிதழே வாங்கினார். ஆனால் பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்ட குடும்பத்துக்காரர்கள் இதில் அவசரப்பட வேண்டாம். அந்தச் சான்றிதழோடு இடஒதுக்கீடு கேட்க முடியாது. பிள்ளையின் உரிமையை நம் கொள்கைக்காக நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. காது குத்து என்று வந்தால் வீட்டில் வைத்தே தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துங்கள், மாமன் சீர் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் அவர் மானம் இருக்கிறது. ஆச்சியோடு பிள்ளை கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் விடுங்கள். வந்து கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள்.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது கடவுள் பேரில் சத்தியம் செய்ய வேண்டியதில்லை, உளமார உறுதி கூறுகிறேன் என்றாலே போதும். வாட்ஸ்அப் குழுவில் சாமி படம் வந்தால் கடந்துவிடுங்கள். வேப்பிலை கட்டினால் காய்ச்சல் போகும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வந்தால் கண்டிப்பாகப் பதில் போடுங்கள். மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதியதாக வழக்குப் போட இருந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவாக இருக்கிறது, மூன்று வருஷம் வரை சிறை. கோபத்தில் எழுதியதை அனுப்புமுன் ஒரு ராத்திரி வைத்திருங்கள்.

உங்களுக்கென்று பேச நாலு பேர் வேண்டும். பகுத்தறிவாளர் கழகமோ பக்கத்து ஊர்ப் படிப்பகமோ, நூலகத்தில் வருகிற ஒரு வாத்தியாரோ, யாராக இருந்தாலும் சரி. மாதம் ஒரு தடவை முழுசாகப் பேசிவிட்டு வந்தால் வீட்டில் பொறுமையாக இருக்க முடிகிறது.

உங்கள் சாவை எழுதி வையுங்கள். உடலைத் தானம் செய்ய ஆசை என்றால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் விவரம் கேட்டுப் பதிவு செய்யலாம், ஆனால் அன்றைக்கு ஒப்படைக்கப் போவது குடும்பம்தான். அதனால் மனைவி, பிள்ளை, முதலில் ஓடிவரக்கூடிய பங்காளி மூன்று பேருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் விளக்கு வைத்து அழ ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். கண்தானத்துக்கு நேரம் ஆறு மணி நேரம்தான். ஆகவே கண் வங்கி நம்பர் எல்லார் போனிலும் இருக்கட்டும். அவர்கள் வருகிறவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தி வைக்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.