குதிரையின் வயிற்றுத் துணியைச் சுவரில் பார்க்கும்போது

ஜப்பானில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரைக்குக் கட்டிய பழைய நீலத் துணிகளை இப்போது அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். பார்த்ததும் பலர் அதை முதுகில் விரிக்கும் சேணப் போர்வை என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் பெயர் உமா நோ ஹராகாகே. உமா குதிரை, ஹரா வயிறு. துணி வயிற்றுக்கு அடியில் போய், இரண்டு முனைகளும் இரு விலாப் பக்கமும் மேலேறும். வெளியே தெரிவது அந்த முனைகள்தான். கொக்கு, ஆமை, குடும்பச் சின்னம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சுவரில் நீளவாக்கில் மாட்டினால் ஒரு முனையின் படம் தலைகீழாகத் தெரியலாம். வரைந்தவர் தவறு செய்துவிட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். குதிரைக்குக் கட்டிப் பார்த்தால் இரண்டும் நேராகிவிடும்.

இதை பாத்திக், அதாவது மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் துணி, என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. இதில் மெழுகே கிடையாது. ஒட்டும் அரிசி மாவும் தவிடும் கலந்த பசையைக் கூம்பில் அடைத்து, மருதாணி கோன் போடுவதுபோல் பிதுக்கி வரைவார்கள். ட்சுட்சுகாகி என்று பெயர். பசை இருந்த இடம் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்: கை தயங்கிய இடத்தில் கோடு கொஞ்சம் தடித்திருக்கும். அச்சுத்தாள் வைத்துப் பதித்த துணியில் அது வராது.

சாயம் நம் ஊர் அவுரி என்றும் சொல்ல வேண்டாம். நிறப்பொருள் ஒன்றுதான், ஆனால் செடி வேறு. ஜப்பானியர்கள் 'ஐ' என்ற செடியின் இலையை மட்க வைத்துத் தொட்டியில் நொதிக்க விடுவார்கள். நடுவில் ஓடும் தையலைப் பார்த்து ஒட்டுப்போட்ட துணி என்று ஒதுக்குவதும் சரியல்ல. அந்தக் கால நெசவு ஏறக்குறைய 35 செ.மீ. அகலம்தான், பல துண்டுகளைச் சேர்த்தால்தான் குதிரைக்குப் போதும்.

அப்புறம், இதைச் சாமுராய்களின் குதிரைக் கவசத்தோடு குழப்பக் கூடாது. அது தோலும் அரக்கும் சேர்ந்த வேலை. எல்லாக் குதிரை அலங்காரமும் நீலம் என்பதும் இல்லை. இவாதே மாநிலத்தில், ஜூன் இரண்டாம் சனிக்கிழமை தகிசாவாவிலிருந்து மோரியோகாவுக்கு நடக்கும் 'சாகு சாகு உமாக்கோ' என்ற குதிரை ஊர்வலத் திருவிழாவில் உழவுக்கு உதவிய குதிரைகளுக்கு நன்றி சொல்லிப் பல வண்ணத் துணியும் மணிகளும் அணிவிக்கிறார்கள்.

உங்களிடம் பழைய துணி ஒன்று இருந்தால் சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், வெயிலில் மாட்டாதீர்கள். ஓரத்தில் நாடா மிச்சமிருந்தால் அசிங்கமாக இருக்கிறதென்று பிரித்துவிடாதீர்கள். குதிரைமேல் எப்படிக் கட்டினார்கள் என்று காட்டுவது அதுதான்.