பெருஞ்செலவுப் பழுதுகளுக்கு நீடித்த உத்தரவாதம்: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புதிய வரவு இல்லாததால், யாழ்ப்பாண வீதிகளில் ஓடும் அக்குவா, பிரியஸ், வெசல் போன்ற, பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார்களில் பல இன்று பத்து வயதைத் தாண்டியவை. ஹைபிரிட் பற்றரி, அதன் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டர், கியர்பொக்ஸ் ஆகியவற்றில் எது பழுதானாலும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு கரைந்துவிடும். இந்தப் பயத்தை அறிந்தே வாகன விற்பனையாளர்கள், பழுதானால் திருத்தித் தருவதாகப் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் நீடித்த உத்தரவாதத்தை முன்வைக்கிறார்கள். அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதன் பெறுமதி விளம்பரத் தாளில் இல்லை. எவற்றுக்குப் பணம் தரமாட்டோம் என்று சொல்லும் பக்கத்திலும், திருத்த வேலை எந்த ஊரில் நடக்கும் என்ற வரியிலுமே இருக்கிறது.

முதலில் காப்புறுதியையும் உத்தரவாதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விபத்து, திருட்டு போன்றவற்றை முழுக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த கார் தானாகப் பழுதாகி நின்றால் அது பொதுவாகப் பணம் தராது. உத்தரவாதம் அந்த இடைவெளியை நிரப்புவதற்கானது. மாரி மழையில் வெள்ளம் புகுந்து என்ஜின் கெட்டால் உத்தரவாதக்காரர் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்வார் என்பதால், ஒன்று இருக்கிறது என்று மற்றையதைக் கைவிடக் கூடாது.

விலக்குகளின் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசியுங்கள். பிரேக் பாட், கிளச் தட்டு, ரயர், வைப்பர், ஒயில் போன்ற தேயும் பொருட்கள் அதில் இருப்பது வழமை. துருவும் பெரும்பாலும் இருக்கும். கடற்காற்று வீசும் நம் குடாநாட்டில் இதை அலட்சியப்படுத்த முடியாது. "பராமரிப்புக் குறைவால் ஏற்பட்ட பழுது" என்ற வரிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஒரு சிறு எடுத்துக்காட்டு: முதல் தலைமுறை அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி பின் இருக்கையின் கீழ் உள்ளது. அதைக் குளிரூட்டும் காற்று பின் இருக்கைப் பகுதியிலுள்ள ஒரு துவாரத்தின் வழியாகவே போகிறது. செம்மண் தூசி அங்கே படிந்தாலோ, பயணப் பை அதை மறைத்தாலோ பற்றரி சூடேறி விரைவில் பலமிழக்கும். துவாரத்தைத் துப்புரவு செய்ததற்கான பற்றுச்சீட்டு உங்களிடம் இல்லையென்றால், பற்றரிக்கான கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு அதுவே போதும்.

அதே பற்றரி 20 தொகுதிகளால் ஆனது. ஒன்று பலவீனமானால், அந்த ஒன்றை மட்டும் மாற்றுவார்களா, முழுவதையும் மாற்றுவார்களா என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால், அதே வயதுடைய மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகக்கூடும். போடப்படுவது புதியதா, மீளச் சீரமைத்ததா என்பதும், ஒரு கோரிக்கைக்கான உச்சத் தொகை எவ்வளவு என்பதும், கணினிப் பரிசோதனைக் கட்டணத்தையும் கூலியையும் யார் கொடுப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது இடம். அங்கீகரிக்கப்பட்ட கராச் கொழும்பில் மட்டுமே என்றால், நகராத காரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஏற்றிச் செல்லும் செலவு யாருடையது? இதற்குத் தெளிவான பதில் தராத ஒப்பந்தத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். யாழ்ப்பாணத்தில் அங்கீகாரம் பெற்ற கராச் இருப்பதாகச் சொன்னால், நேரில் போய், ஹைபிரிட் வேலை தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

உத்தரவாதம் ஆண்டுக் கணக்கிலும் கிலோமீற்றர் கணக்கிலும் தரப்படும். எது முதலில் முடிகிறதோ அத்துடன் சரி. மாதம் ஒரு தடவை கொழும்பு போய்வருபவருக்கு அந்தப் பயணம் மட்டுமே ஆண்டுக்கு 9,600 கிலோமீற்றர் ஆகும். வாடகைக்கு ஓடும் வாகனங்களைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை என்பதையும் கவனியுங்கள். புதுக் கார் என்றால், தயாரிப்பாளரின் உத்தரவாதம் முடிந்த பிறகே இது தொடங்க வேண்டும். இல்லையேல் ஒரே காலத்துக்கு இரண்டு தடவை பணம் கட்டுகிறீர்கள்.

ஓப்பின் பேப்பரில், அதாவது வாங்குபவரின் பெயர் எழுதப்படாத, விற்பவர் ஒப்பமிட்ட படிவத்துடன், வாங்கிய காரைப் பெயர் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இங்கே பலர். உத்தரவாதப் பத்திரத்தில் ஒரு பெயரும் பதிவுப் புத்தகத்தில் இன்னொரு பெயரும் இருந்தால் கோரிக்கை சிக்கலாகும் என்பதால், பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

கார் மிகப் பழையது, விலக்குகளும் நீளமானவை என்றால், அந்தத் தொகையை வங்கியில் தனிக் கணக்கில் போட்டுவைப்பதே நல்லது என்பது என் கருத்து. வாங்குவதென்று முடிவெடுத்தால், விற்பவர் வாயால் சொன்ன ஒவ்வொரு வாக்குறுதியையும் ஒப்பந்தத்தில் எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்ததை மீறினால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அப்போது அந்த எழுத்தும் சேர்விஸ் பற்றுச்சீட்டுகளும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.