மாலையில் மட்டும் நின்ற கட்டிங் மெஷின்

சிவகாசியில் உள்ள எங்கள் ஆஃப்செட் அச்சகத்தில், கட்டிங் மெஷினின் பிளேடு பாதி வழியில் நின்றுவிடும் தொல்லை பல நாள் வேலையைக் கெடுத்தது. கை உள்ளே போனால் பிளேடை நிறுத்துவதற்காக மேசையின் இருபுறமும் பொருத்தியிருக்கும், ஒரு பக்கம் அகச்சிவப்புக் கதிரை அனுப்பி மறுபக்கம் வாங்கும் ஒளித்திரை சென்சார், யாருடைய கையும் இல்லாதபோதே சிவப்பு விளக்கைக் காட்டியது. லென்ஸைத் துடைத்தோம், கேபிளை மாற்றினோம், ரிலேயையும் மாற்றினோம். சென்சாரை பைபாஸ் செய்துவிடலாம் என்றார் எலக்ட்ரீசியன். இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் பிளேடை இறக்கும் இரு கை பட்டன், அதை அழுத்துபவரின் கையை மட்டுமே காக்கும்; தாளைச் சரிசெய்யப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த ஒளித்திரைதான் காவல் என்பதால் மறுத்துவிட்டேன்.

மெஷின் நின்ற நேரங்களைக் குறித்து வைத்தபோதுதான், மாலை வேளையில், அதுவும் வெள்ளி ஃபாயில் அட்டை வெட்டும்போது மட்டுமே அது நிற்பது தெரிந்தது. மேற்கு ஜன்னல் வெயில் அட்டையில் பட்டுத் தெறித்து, அகச்சிவப்புக் கதிரை வாங்கும் பக்கத்தில் நேராக விழுந்தது. அந்த வெளிச்சத்தில் தன் கதிரைப் பிரித்தறிய முடியாத சென்சார், பாதுகாப்புக்காக மெஷினை நிறுத்தியிருக்கிறது. ஜன்னலுக்குக் கனத்த கருப்புத் திரை போட்டதும் தொல்லை தீர்ந்தது. இப்போது ஷிப்டு தொடங்கும்போது, பிளேடு மேலே நிற்கையில் ஒரு மரக்குச்சியை நீட்டி, சிவப்பு விளக்கு எரிகிறதா எனப் பார்த்த பிறகே முதல் தாள்கட்டினை ஏற்றுகிறோம்.