கைபேசியில் உடல்நலத் தகவல் தேடும் திறன்: ஆண், பெண் வேறுபாட்டைக் கிராமத்தில் கணிப்பது எப்படி?

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் போன்ற இடங்களில் இத்தகைய சிறு கணிப்பொன்றை முதன்முறையாக மேற்கொள்ள விரும்பும் மாதர் சங்கத்தினருக்கும் மாணவர்களுக்கும் உதவும் வகையில் இவ்விளக்கம் எழுதப்படுகிறது.

படி 1: கைபேசி யாருடையது?

வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு என்ற விடையோடு நின்றுவிட வேண்டாம். அது எந்நேரம் யாருடைய கையில் இருக்கிறது, டேட்டாவுக்குப் பணம் கட்டுபவர் யார், தேடியவற்றைப் பின்னர் வேறு எவரேனும் பார்ப்பதுண்டா என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கணவர் கடலுக்குச் செல்லும்போது வீட்டின் ஒரே கைபேசியும் அவருடன் சென்றுவிடுமானால், மனைவி பெறும் குறைந்த புள்ளியை அவருடைய அறியாமையாகப் பதிவது பெரும் அநீதியாகும்.

படி 2: வினாக்கொத்து

நோர்மன், ஸ்கின்னர் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட இஹீல்ஸ் (eHEALS) அளவுகோல், அதாவது இணையத்தில் உடல்நலத் தகவலைத் தேடிப் பயன்படுத்தும் தம் திறனை ஒருவர் தாமே மதிப்பிடும் வினாக்கொத்து, தொடக்கநிலையினருக்கு ஏற்றது. அதிலுள்ள 8 கூற்றுகளுக்கும் 1 முதல் 5 வரை புள்ளியிடப்படுவதால், மொத்தம் 8 இற்கும் 40 இற்கும் இடையில் அமையும்.

படி 3: செய்து காட்டச் சொல்லுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. இஹீல்ஸ் அளப்பது தன்னால் முடியும் என்று ஒருவர் கொண்டுள்ள நம்பிக்கையையே; உண்மைத் திறன் அதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். எனவே ஒரு கைபேசியைக் கொடுத்து, டெங்குக் காய்ச்சலின்போது எந்த வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்று தேடச் சொல்லுங்கள். 2017 இல் டெங்கு கடுமையாகப் பரவிய கிண்ணியாவில் இக்கேள்வியின் அவசியத்தை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அவர் திறந்த பக்கத்தை வெளியிட்டவர் யார், அதன் திகதியைப் பார்த்தாரா, இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும் அஸ்பிரின், ஐபுபுரோஃபென் ஆகியவற்றைத் தவிர்த்து, பரசிற்றமோலை உரிய அளவில் மட்டும் எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தாரா என்பவற்றைக் கவனியுங்கள். தவறிய ஒவ்வொருவருக்கும் சரியான விடையைச் சொல்லிவிட்டே எழும்புங்கள்.

படி 4: தனிமை

பெண்களிடம் பெண்களே, மாமியாரோ கணவரோ அருகில் இல்லாத இடத்தில் கேட்பது நல்லது. மாதவிடாய், கருத்தடை பற்றித் தேடியதுண்டா என்ற கேள்விக்கு வேறெவ்வாறும் நேர்மையான விடை கிடைப்பது அரிது. சம்மதம் பெறுங்கள், பெயரை எழுதாதீர்கள்.

படி 5: ஒப்பீடு

ஒத்த வயதும் ஒத்த கல்வியும் உடைய ஆண்களையும் பெண்களையும் ஒப்பிடுங்கள். பின்னர் சொந்தக் கைபேசி உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்து மீண்டும் பாருங்கள். அங்கே இடைவெளி சுருங்கினால், உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொடுக்கும் அறிக்கையில் பயிற்சி வகுப்பைவிடக் கைபேசி வசதியையே முதலில் கோருங்கள்.