பிரவுசிங் சென்டர் சிஸ்டத்தில் வேண்டாத புரோகிராம் ஓடாமல் இருக்க: ஆப்லாக்கர் அமைப்பது எப்படி

பாலக்கோட்டிலோ அரூரிலோ உள்ள ஒரு பிரவுசிங் சென்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் பட்டா, சிட்டா எடுக்க வருவார். மதியம் டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிப்பவர் போட்டோ உள்ள பென் டிரைவைச் செருகுவார். சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பையன் அதே சிஸ்டத்தில் கேமைக் காப்பி செய்து ஓட்டுவான்.

கேமின் பெயரைக் கொடுத்துத் தடுப்பது வீண் வேலை. ஃபைல் பெயரை மாற்றினால் திரும்ப ஓடும். எந்த ஃபோல்டரில் இருப்பது ஓடலாம் என்று மட்டும் சொல்லி, அந்த ஃபோல்டரில் வாடிக்கையாளர் எதையும் எழுத முடியாதபடி செய்ய வேண்டும். விண்டோஸில் இருக்கும் ஆப்லாக்கர் இதைத்தான் செய்கிறது.

முதலில் வாடிக்கையாளருக்கென்று ஒரு ஸ்டாண்டர்ட் யூசர் கணக்கு தொடங்குங்கள். எல்லோரையும் அட்மின் கணக்கில் உட்கார வைத்தால் கீழே சொல்வது எதுவும் பயன்படாது. அட்மின் பாஸ்வேர்டு கடைக்காரரிடம் மட்டும் இருக்கட்டும்.

அட்மினில் நுழைந்து லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறக்கவும். ஹோம் பதிப்பில் இது கிடையாது, ப்ரோ வேண்டும். அப்ளிகேஷன் கன்ட்ரோல் பாலிசீஸ், அதனுள் ஆப்லாக்கர். அங்கே எக்ஸிக்யூட்டபிள் (exe போன்ற புரோகிராம் ஃபைல்கள்), விண்டோஸ் இன்ஸ்டாலர், ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய ஃபைல்), பேக்கேஜ்டு ஆப் (ஸ்டோர் வகை ஆப்கள்) என நான்கு பிரிவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வலது கிளிக் செய்து 'கிரியேட் டிஃபால்ட் ரூல்ஸ்' கொடுங்கள்.

பலரும் எக்ஸிக்யூட்டபிளோடு நிறுத்திவிடுகிறார்கள். பேக்கேஜ்டு ஆப்பில் விதி இல்லாமல் எக்ஸிக்யூட்டபிள் விதியை அமலாக்கினால் விண்டோஸ் 10-ல் ஸ்டார்ட் மெனுவே திறக்காது. ஸ்கிரிப்ட் விதியையும் விடாதீர்கள்: பென் டிரைவில் சுற்றும் ஷார்ட்கட் வைரஸ் பெரும்பாலும் ஸ்கிரிப்டாகத்தான் வருகிறது. இன்ஸ்டாலர் பிரிவில், டிஜிட்டல் கையொப்பமிட்ட (தயாரித்த நிறுவனத்தின் அடையாளம் பதித்த) எந்த இன்ஸ்டாலரையும் எல்லோரும் ஓட்டலாம் என்று ஒரு டிஃபால்ட் விதி வரும், அதை அழித்துவிடுங்கள்.

இனி ஓட்டையை அடைக்க வேண்டும். டிஃபால்ட் விதி விண்டோஸ் ஃபோல்டர் முழுவதையும் நம்புகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் டெம்ப் (Temp), டாஸ்க்ஸ் (Tasks), சிஸ்டம்32-க்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் ஸ்பூல்\டிரைவர்ஸ்\கலர் (System32\spool\drivers\color) ஆகியவற்றில் சாதாரண யூசரும் ஃபைல் போடலாம். விண்டோஸ் விதியைத் திறந்து எக்செப்ஷன்ஸ் (விதிவிலக்கு) பகுதியில் இந்த மூன்று பாதைகளையும் சேருங்கள்.

அடுத்து ஆப்லாக்கர் ப்ராபர்ட்டீஸில் நான்கு பிரிவுகளையும் 'கான்ஃபிகர்டு' ஆக்கி, 'ஆடிட் ஒன்லி' தேர்ந்தெடுங்கள்; இது எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும். அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் ஓடினால்தான் ஆப்லாக்கர் வேலை செய்யும். விண்டோஸ் 10-லிருந்து அதை சர்வீசஸ் திரையில் ஆட்டோமேட்டிக் ஆக்க முடியாது. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் sc config appidsvc start= auto என்று அடித்து ரீஸ்டார்ட் செய்யவும். சமக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி கட்டாயம்.

ஒரு வாரம் கடை வழக்கம்போல நடக்கட்டும். பிறகு ஈவன்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஆப்லாக்கர் என்று போய்ப் பாருங்கள். 8003 என்று பதிவானால், அமலில் இருந்திருந்தால் அந்த ஃபைல் தடைபட்டிருக்கும் என்று பொருள். சில சமயம் நமக்கு வேண்டியதே அதில் இருக்கும். யூசர் கணக்கில் இன்ஸ்டால் செய்த குரோம், அந்த யூசரின் சொந்த ஃபோல்டரான ஆப்டேட்டாவுக்குள் (AppData) உட்கார்ந்திருக்கும். அதை நீக்கி அட்மினில் போட்டால் புரோகிராம் ஃபைல்ஸுக்குப் போய்விடும். கணக்கு எழுதும் பழைய டேலி இஆர்பி 9 மென்பொருள் சி டிரைவிலேயே தனி ஃபோல்டரில் இருக்கும். அதற்குப் பாதை விதி (ஃபோல்டரை வைத்து அனுமதிப்பது) போடாதீர்கள்; அங்கே எழுத முடிந்தால் கேமும் அங்கே போய்விடும். கையொப்பம் இருந்தால், அதை வைத்து அனுமதிக்கும் பப்ளிஷர் விதியே நல்லது. ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை வைக்கும் ஹாஷ் விதி ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உடையும்.

பட்டியல் சரியானதும் ஆப்லாக்கர் ப்ராபர்ட்டீஸில் 'ஆடிட் ஒன்லி'க்குப் பதில் 'என்ஃபோர்ஸ் ரூல்ஸ்' கொடுத்து, ஆப்லாக்கர் மேல் வலது கிளிக்கில் 'எக்ஸ்போர்ட் பாலிசி' செய்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சிஸ்டத்தில் அதையே இம்போர்ட் செய்யலாம். சர்வீஸை மட்டும் அங்கேயும் ஆட்டோ ஆக்க வேண்டும்.

ஒரு குழப்பம் வரும்: அட்மின் கணக்கிலேயே சில ஃபைல்கள் தடைபடும். அட்மின் உரிமை இல்லாமல் டபுள் கிளிக் செய்வதால் வருவது அது. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் ஓடும்.