பதிப்பு எண், பிராஞ்ச் பெயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியில் ஞாயிறு மாலைகளில், கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க விரும்பும் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். புரோகிராம் நன்றாகவே எழுதுகிறார்கள். பதிப்புக்கும் பிராஞ்ச்சுக்கும் (புரோகிராமில் தனியாக வேலை செய்யப் பிரித்த கிளை) பெயர் வைக்கும் இடத்தில்தான் எங்கள் காலத்து ஆட்கள் செய்த அதே தவறுகள் திரும்ப வருகின்றன. பெயரில் இடைவெளி விடுவது போன்றவற்றை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளே தடுத்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெளியிட்ட டேகை நகர்த்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் உள்ளதை யூனிகோடாக மாற்றும் சிறு கருவி ஒன்றைப் பிள்ளைகள் காலையில் 1.2.0 என்று டேக் (பதிப்பைக் குறிக்கும் அடையாளப் பெயர்) போட்டு வெளியிட்டார்கள். ‘ஸ்ரீ’ வந்தால் கருவி நின்றுவிடுகிறது என்று மதியம் தெரிந்தது. உடனே திருத்தினார்கள், சரி. ஆனால் பழைய டேகை அழித்துவிட்டு, அதே 1.2.0-ஐப் புதிய கமிட்டின் (பதிந்த மாற்றத்தின்) மேல் போட்டுவிட்டார்கள்.

“அதுக்குள்ள யாருண்ணா டவுன்லோட் பண்ணியிருக்கப் போறாங்க?” என்றான் பொறுப்பிலிருந்த தம்பி.

பண்ணியிருந்தார்கள். தண்டையார்பேட்டைப் பையனிடம் இருந்தது காலை 1.2.0, எண்ணூர்ப் பெண்ணிடம் இருந்தது மாலை 1.2.0. அவனுக்கு நிற்கிறது, அவளுக்கு ஓடுகிறது. பைத்தான் பதிப்பில் கோளாறா, விண்டோஸில் கோளாறா என்று தேடியே ஒரு மாலை முழுக்கப் போனது. ஃபெட்ச் செய்தும், அதாவது புதியவற்றை இறக்கிப் பார்த்தும், பயனில்லை. ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கும் டேகை, கட்டாயப்படுத்தினால் ஒழிய, கிட் மாற்றாது. அப்படி வைத்திருப்பதும் சரிதான்: நான் சோதித்துப் பார்த்த பதிப்பை எனக்குத் தெரியாமல் யாரும் மாற்றக் கூடாது.

மற்ற இடங்களிலும் இப்படித்தான். பைத்தான் தொகுப்புகளை வெளியிடும் பைபிஐயில் ஒரு கோப்பை அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளுக்கான என்பிஎம்மிலும் ஒரு முறை பயன்படுத்திய பதிப்பு எண் திரும்பக் கிடைக்காது. 1995-இல், சிடி விற்ற நிறுவனம் ஒன்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முடிக்கப்படாத நிலையை 1.0 என்று போட்டு விற்றுவிட்டது. தவறு டெபியனுடையது அல்ல. ஆனாலும் மக்கள் குழம்பக் கூடாது என்று 1.0 என்ற எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்று வெளியிட்டார்கள். நம் பிள்ளைகள் 1.2.1 என்று போட்டிருந்தால் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். எண்ணுக்குக் காசு கிடையாது தம்பி, அடுத்ததை எடு.

பதிப்பு எண்ணைத் தசமமாகப் படிப்பது

1.10 என்பது 1.9-க்கு அடுத்தது, 1.1 அல்ல. 2021-இல் பைத்தான் 3.10 வந்தபோது, யாமெல் (YAML) என்ற அமைப்புக் கோப்பில் மேற்கோள் குறி இல்லாமல் எழுதியவர்களுக்கு அது 3.1 ஆகிப் பில்ட் (புரோகிராமைத் தயாரிக்கும் வேலை) உடைந்தது. மேற்கோளுக்குள் எழுதுங்கள். முன்னோட்டப் பதிப்புகளுக்கு ‘ஆர்சி.9’, ‘ஆர்சி.10’ (ஆர்சி என்றால் ரிலீஸ் கேண்டிடேட்) என்று புள்ளி வையுங்கள். புள்ளி இல்லாவிட்டால், பதிப்பு எண்களுக்கான செமாண்டிக் வெர்ஷனிங் விதிப்படி பத்து ஒன்பதுக்கு முன்னால் போய் நிற்கும்.

ஃபைனல், லேட்டஸ்ட், நியூ

பதிப்புப் பெயரில் வேண்டவே வேண்டாம்.

பிராஞ்ச்சுக்கு உங்கள் பெயர்

உங்கள் பெயர் கமிட்டிலேயே இருக்கிறது. என்ன வேலை என்பதையும் இஷ்யூ (பிழை அல்லது வேலைப் பதிவு) எண்ணையும் எழுதுங்கள்.

ஒன்றோடொன்று முட்டும் பெயர்கள்

‘ஃபிக்ஸ்’ என்று ஒரு பிராஞ்ச் இருந்தால் ‘ஃபிக்ஸ்/லாகின்’ என்று இன்னொன்று வைக்க முடியாது. முதலாவதைக் கிட் ஒரு கோப்பாக வைத்திருக்கும்போது அதே பெயரில் கோப்புறை எப்படி வரும்? பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தில் மட்டும் இரண்டு பெயர்கள் வைத்தால் லினக்ஸில் ஓடும், விண்டோஸில் அடிபடும். டேகுக்கும் பிராஞ்ச்சுக்கும் ஒரே பெயர் இருந்தால், எதைச் சொல்கிறாய் என்று கிட் எச்சரிக்கும். பராமரிப்புப் பிராஞ்ச்சை ‘1.2.எக்ஸ்’ என்றும் டேகை ‘வி1.2.1’ என்றும் வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

மாஸ்டரா, மெயினா

2020 அக்டோபரிலிருந்து கிட் திட்டங்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் புது ரெப்போ (திட்டக் களஞ்சியம்) தொடங்கினால் முதன்மைப் பிராஞ்ச்சின் பெயர் மெயின், அதற்கு முன் மாஸ்டர். பழைய திட்டத்தில் சேர்ந்தால் அங்கே இருப்பதையே பயன்படுத்துங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் பராமரிப்பவரிடம் முதலில் கேளுங்கள், பில்ட் ஸ்கிரிப்ட்டுகளில் பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.