இன்னும் நடக்கலையா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி மின்தூக்கியில் கைக்குழந்தையோடு ஏறினால் போதும், ஐந்தாவது மாடி வருவதற்குள் இரண்டு கேள்வி வந்துவிடும். "எத்தனை மாசம்?" "இன்னும் நடக்கலையா?" கூடவே, "என் பேரன் ஒன்பது மாசத்துலயே ஓடிட்டான்." வீட்டுக்குள் போனதும் அந்தத் தாய் கைப்பேசியை எடுத்து வாக்கர் விலை பார்க்க ஆரம்பிப்பாள்.

பாலர் பள்ளியில் 12 ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். பொறுத்திருக்க வேண்டிய விஷயத்துக்கெல்லாம் நாம் பதறுகிறோம். உடனே போய்க் காட்ட வேண்டியதை மட்டும் "தானா சரியாயிடும்" என்று தள்ளிப்போடுகிறோம்.

முதலில் நடை. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் நல்ல ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. சிலர் 8 மாதத்திலேயே தனியாக நடந்தார்கள், சிலர் 17 மாதம் கடந்துதான் நடந்தார்கள். எல்லாமே இயல்புதான். 100இல் நாலு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. மின்தூக்கிப் பாட்டியின் பேரன் அந்த வரிசையில் முன்னால் நின்றவன், அவ்வளவுதான்.

வாக்கரில் குழந்தை நடப்பதில்லை, உருள்கிறது. நுனிக்காலால் தள்ளுகிறது, தன் பாதத்தையே அதனால் பார்க்க முடிவதில்லை, விழாமல் நிற்கிற கலையைக் கற்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. போதாக்குறைக்கு, நம் குறுகிய சமையலறையில் தொங்கும் ரைஸ் குக்கர் வயர் கண்ணிமைப்பதற்குள் அதன் கைக்கு எட்டிவிடும். கனடா 2004இலேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

குழந்தைக்குத் தேவை தரை. ஏணையிலிருந்து மடி, மடியிலிருந்து கார் இருக்கை, அங்கிருந்து பேரங்காடியில் தள்ளுவண்டி என்று வளரும் பிள்ளை எப்போது புரளும்? விழித்திருக்கும்போது பாயை விரித்துக் குப்புறப் போடுங்கள். தவழாத குழந்தைக்கு, பக்கத்தில் ஆள் இருக்க, நாளுக்கு மொத்தம் அரை மணி நேரமாவது வேண்டும். ஒரே மூச்சில் இல்லை, ஐந்து நிமிடம், பத்து நிமிடமாகப் பிரித்து. கழுத்தும் தோளும் அப்படித்தான் உரம் பெறும். தூங்கும்போது மட்டும் மல்லாக்க. டைல்ஸ் தரையால் சளி பிடிக்காது; அது தொற்றுக்கிருமியின் வேலை.

குறைமாதக் குழந்தை என்றால் கணக்கே வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்ததை 10 மாதத்தில் 8 மாதக் குழந்தையாகத்தான் பார்க்க வேண்டும். 2 வயது வரை இந்தக் கழித்தல் உண்டு.

பழகும் விஷயத்திலும் இதே அவசரம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் 9 மாதக் குழந்தையைக் கை மாற்றி, கை மாற்றி அனுப்புகிறோம். மாமா மீசையைப் பார்த்து அது அலறினால், "யார்கிட்டயும் பழக்கலையா?" என்று தாய்க்குத் திட்டு. உண்மையில் அது நல்ல அறிகுறி: தன் ஆள் யார், வேற்றாள் யார் என்று பிரித்தறியத் தொடங்கிவிட்டது. மடியில் வைத்துக்கொண்டே மாமாவைப் பேசச் சொல்லுங்கள், போதும். 2 வயதுப் பிள்ளை பொம்மையைக் கொடுக்க மறுப்பதும் கஞ்சத்தனம் இல்லை. அந்த வயதில் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள்.

முதல் பிறந்தநாளுக்குப் பிறகு சாப்பாடு குறைவதும் இயல்பே. முதல் ஆண்டில் எடை மூன்று மடங்காகிறது. அடுத்த ஆண்டு முழுக்க இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கைப்பேசியைக் காட்டி ஊட்டுகிறோம். பிள்ளைக்குப் பசியும் தெரியாமல் போகிறது, எதிரில் இருப்பவர் முகமும் தெரியாமல் போகிறது.

எனக்கு அதிகம் கோபம் வருவது பேச்சு விஷயத்தில்தான். பேச்சு தாமதமானால், "மூணு மொழியில குழம்புது, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி வாயை மூடிக்கொள்வார். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவரே அவர்தான்! பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஒரு மொழியின் சொற்களை மட்டும் எண்ணுவதுதான் நம் பிழை. வீட்டில் "பால்", பார்த்துக்கொள்ளும் மக்சிக் (மலாய்க்கார அம்மா) வீட்டில் மலாயில் "சூசு" என்றால் அது இரண்டு சொல். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள்.

அப்படி எண்ணியும், 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் "பால் வேணும்" போல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். 18 மாதமாகியும் நடக்காவிட்டாலும் அப்படித்தான். வந்த சொல்லோ பழக்கமோ எந்த வயதில் மறைந்தாலும், அன்றே கிளினிக்குக்குப் போங்கள். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு" என்பதெல்லாம் பரிசோதனை ஆகாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் 18 மாதத்தில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். அதில் எல்லாவற்றுக்கும் "ஆம்" போடுவது நம்மவர் கௌரவம். "விரலால் சுட்டிக் காட்டுமா?" என்ற கேள்வியில் நிதானியுங்கள். பிஸ்கட் வேண்டும் என்று சுட்டுவது வேறு. சன்னல் வழியே எல்ஆர்டி ரயில் போவதைச் சுட்டிவிட்டு, "நீயும் பார்த்தியா?" என்பதுபோல உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு. இரண்டாவது இல்லையென்றால் தயங்காமல் "இல்லை" போடுங்கள். அது தீர்ப்பு இல்லை, அடுத்த பரிசோதனைக்கான சீட்டு. கிளினிக்கில் அழுகிற பிள்ளை எதையும் செய்துகாட்டாது. அதனால் வீட்டில் விளையாடும்போது இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கைப்பேசி உருப்படியாகப் பயன்படுகிற இடம் அது.